வெளியே போயிருக்கிறது

போன வாரம் எங்கள் பகுதி நூலகத்தில் ஒரு புத்தகம் கேட்டேன். முன்னால் கம்ப்யூட்டர் இருந்தும் அங்கே உட்கார்ந்திருந்த பெண் அதில் தேடிப் பார்க்கவே இல்லை. "அது வெளிய போயிருக்கு சார்" என்றாள். முகத்தைப் பார்த்தேன். கோபமோ அலட்சியமோ இல்லை, வெறும் களைப்பு. எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட முகம். எண்பதுகளில் ஆறேழு வருடம் நான் தினமும் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்த முகம் அது.

அப்போது உத்திரமேரூரில், தபாலில் படிப்பவர்களுக்காகப் பல்கலைக்கழகம் ஒரு கிளை நூலகம் வைத்திருந்தது. மூன்று பேர் செய்யவேண்டிய வேலைக்கு நான் ஒருவன். நூலகர், கிளார்க், பியூன் எல்லாம் நானே என்பதால் என்னை நானே அதட்டிக்கொள்ளும் வசதி மட்டும் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளறையில் வெயிலில் வெந்த பசையும் பாச்சை உருண்டையும் கலந்து ஒரு நெடி. இப்போதும் பீரோவைத் திறந்தால் அந்த நெடியில் எனக்கு நினைவுக்கு வருவது புத்தகங்கள் அல்ல, மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதங்கள். உதவிக்கு ஆள் கேட்டு எழுதினேன். ஃபேன் கேட்டு எழுதினேன். கடைசியில் மாற்றல் கேட்டும் எழுதினேன். பதிலுக்கு, மாதாமாதம் நிரப்பி அனுப்பச் சொல்லிப் புதிதாக ஒரு படிவம் வரும். பரீட்சை சமயத்தில் விடைத்தாள் தைப்பதும் என் தலையில்தான். வருடத்துக்கொரு முறை ஜீப்பில் வரும் அதிகாரி எத்தனை புத்தகம் இருக்கிறது என்று கேட்பார். யார் படித்தார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

புத்தகம் வேண்டுகிறவர் துண்டுச்சீட்டில் பெயரை எழுதித் தரவேண்டும். நான் உள்ளே போய் ஏணியேறி எடுத்து வரவேண்டும். ஒருநாள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, சீட்டு நீட்டியவரிடம் எழுந்து பார்க்காமலே "வெளிய போயிருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஒன்றுமே நடக்கவில்லை. ஏதாவது நடந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அதன்பிறகு மேல்தட்டுப் புத்தகங்கள் எல்லாமே வெளியே போய்விட்டன.

வீட்டில் என் மனைவிதான் முதலில் கவனித்தாள். "இன்னா, இப்பல்லாம் வூட்டுக்கு ஒரு புக்குகூட எடுத்தாறதில்ல? ஒடம்பு சரியில்லியா?" உடம்புக்கு ஒன்றுமில்லை. படிக்கப் பிடிக்கும் என்பதற்காகவே இந்த வேலைக்கு வந்தவன், இரண்டு வருடமாக ஒரு புத்தகத்தையும் பிரிக்கவில்லை. அட்டையைப் பார்த்தாலே கொட்டாவி வந்தது.

சனிக்கிழமைகளில் மாகறலிலிருந்து கன்னியம்மாள் என்ற ஆரம்பப்பள்ளி ஆசிரியை பஸ்ஸில் வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். விவசாயக் குடும்பம். பி.ஏ. வரலாறு கடைசி வருடம். தென்னிந்திய வரலாற்றுக்குத் தமிழில் எங்களிடம் இருந்தது ஒரே புத்தகம். தடியானது, மேல்தட்டு. முதல் வாரம் வழக்கமான பதிலைச் சொன்னேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூன்றாவது வாரம் சீட்டை மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

"இன்னிக்காவது வந்துகீதா சார்? இந்த வருசம் பாஸ் ஆவலன்னா படிப்ப நிறுத்திக்கணும்னு வூட்ல சொல்லிட்டாங்க. அந்த ஒரு பேப்பர்தான் பயமா கீது."

"இன்னும் வரலம்மா" என்றேன். ஏணி எனக்குப் பின்னால் பத்தடியில் இருந்தது.

மே மாதம் ஸ்டாக் எடுக்கும்போது அந்தப் புத்தகம் கையில் வந்தது. இருந்த இடத்திலேயே, தூசியோடு. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதித்தாளில் அந்த வருடத்து முத்திரை ஒன்றுகூட இல்லை. பரீட்சை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஏணிமேல் நின்றபடி எனக்கு என்னையே பிடிக்காமல் போயிற்று.

நூலகத்தைப் பூட்டிவிட்டுப் புத்தகத்தோடு மாகறலுக்கு பஸ் ஏறினேன். கன்னியம்மாள் வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார்.

"அந்தப் பேப்பர் சரியா எழுதல சார். போவட்டும். இத்தினி நாளா யாரு வெச்சிக்கினு இருந்தாங்க?"

வரும் வழியில் நாலைந்து பொய் தயார் செய்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"நான்தாம்மா."

அவர் முகம் மாறவேயில்லை. "நீங்களா? அப்ப சரி சார். படிக்கிறவங்க கையிலதான இருந்திச்சி. முழுசா படிச்சிட்டீங்களா?"

தலையாட்டிவிட்டேன். உண்மை சொல்ல எனக்கிருந்த தைரியம் அந்த ஒரு சொல்லோடு தீர்ந்துவிட்டது. அவர் மோர் கொடுத்தார். கிளம்பும்போது புத்தகத்தின் தூசியைத் தட்டி என்னிடமே நீட்டினார். "இனிமே எனக்கு எதுக்கு சார், வேற யாருக்காச்சும் குடுங்க."

அந்தப் பொய்யையாவது நிஜமாக்க வேண்டும் என்று அதை முழுக்கப் படித்தேன். நாலு மாதம் ஆயிற்று. எல்லாச் சீட்டுக்கும் ஏணி ஏறினேன். மெட்ராசிலிருந்து ஆளும் வரவில்லை, ஃபேனும் வரவில்லை. பிறகு நூலகத்தையே மூடினார்கள். அங்கே இப்போது செல்போன் கடை.

போன வாரம் அந்தப் பெண்ணிடம், போய்ப் பார்த்துச் சொல்லம்மா என்று கேட்க வாய்வரை வந்தது. "இங்க நீ ஒருத்திதானா?" என்று மட்டும் கேட்டேன். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

துண்டுச்சீட்டு போயிற்று, ஏணி போயிற்று. உத்திரமேரூர் நூலகத்தை மூடும்வரை, சனிக்கிழமைதோறும் மாகறல் பஸ் வரும் நேரத்துக்கு அந்தப் புத்தகத்தை மேஜைமேல் எடுத்து வைத்திருப்பேன். கன்னியம்மாள் அப்புறம் வரவேயில்லை.