ஆலோசகர் பார்க்காத சுவர்

தத்துவப் பேராசிரியர் பிறந்து வளர்ந்தது இந்தக் கால்வாய் ஓரத்தில்தான். அவருடைய அக்கா இன்னும் இங்கேதான் குடியிருக்கிறாள். அதனால் நாற்றம் தாங்க முடியாதபோதும் மூக்கைப் பொத்த வெட்கமாக இருந்தது.

"கால்வாய்னா நாறத்தான் செய்யும்" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் அவர்கள். குடும்பத்தில் முதல் ஆளாக அவர் கல்லூரிக்குப் போன பிறகு அந்தப் பேச்சு அவரை உறுத்தியது. நாறாத கால்வாய் ஒன்றை யாராலும் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஒரு சமூகம் சேர்ந்து கற்பனை செய்வதை நிறுத்தும்போதே அதன் ஆறுகளும் சாகத் தொடங்குகின்றன என்று எழுதினார். எழுத எழுதப் பேர் வந்தது. வீடு ஊரின் மறுகோடிக்குப் போனது.

கால்வாயில் கழிவுநீரை விடும் சாயப்பட்டறையின் முதலாளி கூட்டிய கூட்டத்தில் பேராசிரியர் ஒரு யோசனை சொன்னார். கால்வாய் ஓரத்து மக்கள் தங்களுக்கு வேண்டிய கால்வாயை வரையட்டும். அந்தப் படம் பட்டறை வாசலில் இருக்கட்டும். முதலாளி முதல் ஆளாகக் கை தட்டி, அவரை ஆலோசகர் ஆக்கினார். கொஞ்ச நாளில் முதலாளி அமர்த்திய ஓவியர் வரைந்த மாதிரிப் படம் வந்தது. பேராசிரியர் அதில் கொக்கு வேண்டுமா, படகு வேண்டுமா என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். எந்தச் சுவரில் வரையப் போகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

கால்வாய் ஓரத்து வீடுகளுக்கு முன்னால் முதலாளி புதிதாகக் கட்டிய அந்தச் சுவர் இப்போது எதிரே நின்றது. சாலையிலிருந்து பார்த்தால் வீடுகளும் தெரியவில்லை, கால்வாயும் தெரியவில்லை. நீலத் தண்ணீரும் கொக்கும் மட்டும்தான். கீழே ஓரமாக, 'கருத்து' என்று போட்டு அவர் பெயர், பட்டங்களோடு. எவனோ கொக்குக்கு முத்தம் கொடுப்பதுபோல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

சந்து வழியாக அக்கா வெளியே வந்தாள்.

"வாங்க ஆலோசகரே. இதுல எங்க வீடு எங்கடா?"

"நான் கவனிக்கலக்கா."

"கொக்கைக் கவனிச்சியாமே. ஓவியர் சொன்னார். நீ சொல்லித்தான் கால் நீளமா வச்சாராம்."

கொக்குக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த ஓவியரிடம் பேராசிரியர் போனார்.

"என் பேரை அழிச்சிடுங்க."

"அழிச்சிட்டு நீ கை கழுவிட்டுப் போயிடுவ" என்றாள் அக்கா. "காத்துகூட வராம இந்த நாத்தத்துல கிடக்கறது நாங்க."

தப்பிக்கத்தான் பார்த்தோம் என்று அவருக்கே தெரிந்தது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"வேண்டாம், பேர் இருக்கட்டும். மேல ஒரு வரி எழுதுங்க. இந்தச் சுவருக்குப் பின்னால வீடுகள் இருக்கு, சாயத் தண்ணி அதை ஒட்டித்தான் ஓடுதுன்னு."

ஓவியர் தயங்கினார். "முதலாளி கேட்டா சார்?"

"கருத்து யாரோடதுன்னுதான் கீழ போட்டிருக்கே."

ஓவியர் தூரிகையைக் கறுப்பில் தோய்த்தார். அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுதினா நாத்தம் போயிடுமாடா?"

"போகாது" என்றார்.