வாசலுக்கு வாசல் இறங்கிய குழாய்கள்

வெயிலில் காயும் புதுப் பிளாஸ்டிக் குழாயின் வாடை எங்கிருந்தாவது வந்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. திண்டுக்கல்லில் நாங்கள் இருந்த தெருவுக்குப் பின்புறம் தோல் பதனிடும் ஷாப்புகள் இருந்தன. ஊறுகிற தோலின் புளித்த நாற்றம் எந்நேரமும் வீட்டுக்குள் நிற்கும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு தேர்தலின்போது மட்டும், அந்த நாற்றத்தையும் அமுக்கிக்கொண்டு தெருவில் குழாய் வாடை அடித்தது.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் ஊறுவதெல்லாம் வாயில் வைக்க முடியாத "உப்புத் தண்ணி". குடிக்கவும் சோறாக்கவும் லாரி வந்தால்தான் உண்டு. லாரி எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் சண்டை வராமல் இருக்காது. அந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பவள் என் அம்மா மும்தாஜ். யார் குடம் முன்னால் வந்தது, எந்த வீட்டில் பிள்ளைபெற்றவள் இருக்கிறாள், யாருக்கு இன்று கூட ஒரு குடம் விடவேண்டும் என்று அவள் சொல்வதைத் தெருப் பெண்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். "மும்தாஜக்கா சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்பாள் எதிர்வீட்டுப் பேச்சியம்மாள். அம்மாவுக்குச் சொத்து என்றிருந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான்.

தெருவின் மேலக்கடைசி வீடுகளில் ஒரு கட்சிக் கொடி பறக்கும், கீழக்கடைசியில் இன்னொன்று. நடுவில் இருந்த எங்கள் வீடுகளில் எந்தக் கொடியும் கிடையாது. கட்சிக்காரர்கள் எங்களை "ரெண்டுங்கெட்டான் வீடுக" என்பார்கள். ஏளனமாகச் சொன்னாலும், தேர்தல் நெருங்க நெருங்க அவர்கள் கண்ணெல்லாம் எங்கள் மேல்தான் இருந்தது. கொடி கட்டிய வீடுகளின் ஓட்டு ஏற்கெனவே தெரிந்த கணக்கு அல்லவா?

அந்த முறை ஒரு கட்சி வசந்தா என்கிற பெண்ணை அனுப்பியது. கோஷம் இல்லை, நோட்டீஸ் இல்லை, தலைவர் பெயரைக்கூட அவள் எடுக்கவில்லை. எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, "செத்த நேரம் இருந்துட்டுப் போறேங்கா" என்று டீ வாங்கிக் குடித்தாள். குடம் சுமந்து சுமந்து அம்மாவுக்கு முழங்கால் வலிப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் வரும்போது தைலம் கொண்டுவந்தாள். "எங்களுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதாம்மா, ஜெயிச்சதும் ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்குறதில்ல" என்று அம்மா சொன்னபோதுகூட அவள் வாதம் செய்யவில்லை. "அக்கா சொல்றது நெசம்" என்று தலையாட்டினாள். தன் பேச்சை வெளியாள் ஒருத்தி இவ்வளவு மரியாதையாகக் கேட்பது அம்மாவுக்கு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரமே லாரியில் குழாய்கள் வந்தன. எங்கள் வாசல்களில், அதாவது கொடி இல்லாத வீடுகளின் வாசல்களில் மட்டும், கருப்புக் கருப்பாக இறங்கின. ஒருவர் டேப்பால் அளந்து, ஒவ்வொரு வாசலுக்கும் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டுப் போனார். நாங்கள் பிள்ளைகள் குழாயின் ஒரு முனையில் வாய் வைத்துக் கத்துவோம். மறுமுனையில் காது வைத்தவள் சிரித்துக்கொண்டே குதிப்பாள்.

"இப்பத் தோண்டுனா தேர்தல் சட்டம் விடாதுக்கா. ஓட்டு முடிஞ்ச மறுநாளே தோண்டிருவாக" என்றாள் வசந்தா.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். தோல் ஷாப் வேலை முடிந்து வந்த அவர் மட்டும் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "குழாய் வந்துருச்சு, சரி. தண்ணி எங்கருந்து வரும்னு கேட்டியா?"

"தண்ணி இல்லாமயா இம்புட்டுக் குழாயக் கொண்டாந்து போடுவாக?" என்றாள் அம்மா.

எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து, எல்லாம் ஏமாற்று என்றார்கள். ஆனால் அவர்கள் கையில் வெறும் பேச்சுதான் இருந்தது, எங்கள் வாசலிலோ குழாய் இருந்தது. பேச்சியம்மாள் அதுவரை எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தாள். லாரித் தண்ணிக்கு நிற்கும்போது அவளிடமும் மற்றவர்களிடமும் அம்மா, "இவுகளுக்கே போட்டுப் பாப்போம்டி, நான் சொல்றேன்ல" என்றாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஓட்டைப் போட்டார்கள்.

வசந்தாவின் கட்சியே ஜெயித்தது. வெடிச்சத்தம் ஓய்ந்து சில நாட்களில், ஒரு காலை, அதே லாரி வந்து நின்றது. ஆட்கள் இறங்கிக் குழாய்களைத் தூக்கி வண்டியில் ஏற்றத் தொடங்கினார்கள்.

அம்மா ஓடிப்போய் டிரைவரைக் கேட்டாள்.

"எனக்கென்னம்மா தெரியும்? வாடகைக்குப் பேசி எடுத்த குழாய். கடையில திருப்பிப் போடச் சொன்னாக" என்றார் அவர்.

வாடகைக் குழாய்! கல்யாணப் பந்தலுக்கு நாற்காலி எடுப்பதுபோல எங்கள் தாகத்துக்குக் குழாய் எடுத்திருக்கிறார்கள். பெண்கள் எல்லோரும் வந்து மிச்சமிருந்த குழாய்களின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். மதியம்வரை அசையவில்லை. யாரோ சொல்லி வசந்தா வந்தாள்.

"என் கையில என்னக்கா இருக்கு? மேல உள்ளவுக சொன்னாக, நான் சொன்னேன். அடுத்த வருசம் கட்டாயம்..."

"நான் உன்னை நம்புனது கெடக்கட்டும் வசந்தா" என்றாள் அம்மா. "இவளுக என்னைய நம்புனாளுக. நீ ஓட்டா வாங்கிட்டுப் போன? அந்த நம்பிக்கையையில்ல வாங்கிட்டுப் போயிட்ட!"

வசந்தா வந்த வழியே திரும்பிப் போனாள். பிறகு போலீஸ் வந்தது, குழாய்கள் போயின. வாசலில் சுண்ணாம்புக் கோடு மட்டும் மழை வரும்வரை கிடந்தது.

அதற்குப் பின் லாரி வந்தபோது, அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பேச்சியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ சொன்னதைக் கேட்டவரைக்கும் போதும்க்கா" என்றாள். அம்மா தன் குடத்தை எடுத்துக்கொண்டு கடைசியில் போய் நின்றாள். பொய் சொன்னவர்களுக்கு மாலையும் மேடையும் கிடைத்தன, அதை நம்பியவள் தலைகுனிந்து நின்றாள். அந்த அநியாயத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அடுத்த தேர்தலில் வேறொரு பெண் சிரித்துக்கொண்டே படியேறி வந்தாள். அம்மா அவளை உட்காரச் சொல்லவில்லை. கையைப் பிடித்துத் தெரு நடுவுக்குக் கூட்டிப்போய், எல்லாரையும் வெளியே அழைத்து, "இப்பச் சொல்லும்மா. எனக்குச் சொல்ல வந்ததை இம்புட்டுப் பேருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லு" என்றாள். வந்தவள் ஏதோ முணுமுணுத்துவிட்டு நழுவினாள். முதலில் சிரித்தவள் பேச்சியம்மாள்தான். அன்றிலிருந்து இருவரும் பழையபடி பேசிக்கொண்டார்கள். நல்ல தண்ணீர் அந்தத் தெருவுக்கு வந்ததென்னவோ எனக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்துத்தான்.

இப்போது அம்மா என்னோடு இருக்கிறாள். கடந்த தேர்தலுக்கு எங்கள் படியேறி யாரும் வரவில்லை. வந்ததெல்லாம் போனில் வந்தது. எனக்கு மகளின் படிப்பைப் பற்றி ஒரு செய்தி. என் கணவருக்குத் தொழில் கடன் பற்றி ஒன்று. அடுத்த வீட்டுக்காரருக்கு என்ன வந்ததோ, எனக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. எந்தக் கட்சியென்று முடிவு செய்யாதவர்கள் யார் யாரென்று எங்கோ உட்கார்ந்து பிரித்தெடுத்து, ஆளுக்கொரு ஆசையைக் காதில் ஓதுகிறார்கள். ஒருவருக்குச் சொன்ன பொய் மற்றவருக்குத் தெரிவதில்லை.

ஒருநாள் என் பெயரைச் சொல்லியே ஒரு பெண் குரல் போன் ஸ்பீக்கரில் பேசியது. அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, "ஏம்மா, நீ எந்தத் தெரு? கீழ எறங்கி வா, எல்லாரையும் கூப்புடுறேன், வந்து பேசு" என்றாள். குரல் நிற்காமல் பேசிக்கொண்டே போனது. அம்மா இன்னும் சத்தமாகக் கேட்டாள்.

"என்னடி சொல்லுது?" என்று பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆளு இல்லம்மா, மெஷினு பேசுது. ஆதரவுன்னா ஒண்ணாம் நம்பரை அமுக்கணுமாம்."

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதோட எங்கிட்டுடி போயிச் சண்ட போடுறது?" என்றாள்.