சந்தனப் பொட்டும் விசிறி மோட்டாரும்

எங்கள் வீட்டில் ஒரு படகு இருந்தது என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். தெல்லிப்பழைப் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் கடலுக்கும் சந்தையில் மீன் வாங்குவதற்கு மேல் உறவில்லை. ஆனாலும் இருந்தது. ஒன்றரை முழ நீளம், வேலி முள்முருக்கில் குடைந்தது, ரேடியோவால் ஓடுவது.

மரத்தைக் குடைந்தவள் நான். கருவிகள் மச்சானின் சொத்து. அவன் அம்மாவின் தமையன் மகன், என் வயதுதான். வெளிநாட்டில் இருந்த அவனுடைய அண்ணை ஒரு ரிமோட் கார் அனுப்பியிருந்தார். எங்கள் ஒழுங்கையின் கல்லுப் பாதையில் அது ஒரு கிழமை தாங்கவில்லை. சில்லும் மோட்டாரும் போய், ரேடியோப் பெட்டியும் ஸ்பீட் கொன்ட்ரோலரும் மட்டும் தப்பின. கொன்ட்ரோலர் என்பது ஒரு நெருப்புப்பெட்டி அளவுதான். கையிலுள்ள பெட்டியின் குமிழைத் தள்ளினால், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அதுதான் கூட்டும், குறைக்கும்.

"உதை றோட்டுக்குக் கொண்டு போகாதையுங்கோ. ஆமிக்காரன் கண்டா கண்ணிவெடி எண்டுதான் நினைப்பான்" என்றார் அம்மா. எண்பதுகளின் நடுப்பகுதி. அவர் சொன்னதில் பிழையில்லை.

நான் திருநெல்வேலி வளாகத்தில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று மச்சான் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ் சாரதிக்குக் காற்று வருவதற்காக முன்னுக்குப் பூட்டும் சின்ன விசிறியின் மோட்டார் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். பால்மாப் பேணித் தகட்டில் புரொப்பெல்லர் வெட்டிப் பூட்டி, மோட்டார் சைக்கிள் பற்றரியில் கொடுத்து, மேசையில் வைத்து ஓட்டினால் காதடைக்கிற சத்தம். இரண்டு பேருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மார்கழி மழையில் வீட்டுக்குப் பின்னால் குளம் நிரம்பியிருந்தது. படகை இறக்கப்போகும்போது மச்சான், "மாமி, வந்து ஒரு பொட்டு வைச்சு விடுங்கோ" என்று அம்மாவைக் கூப்பிட்டான். யோசிக்காமல் கூப்பிட்டான்.

அப்பா இறந்துபோன நாளிலிருந்து அம்மா எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் வருவதில்லை. தையில் அக்காவுக்குக் கலியாணம். "நீங்கள் அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்காட்டி நான் மணவறையிலை இருக்கமாட்டன்" என்று அக்கா பிடிவாதமாக நின்று, அம்மாவை "பாப்பம்" என்ற அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். அந்தப் "பாப்பம்" என்ற ஒரு சொல்லுக்கு அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். படகின் முன்நுனி அணியத்தில் ஒரு பொட்டு, கொன்ட்ரோலரை வைத்த மூடியில் ஒரு பொட்டு. முகத்தில் வெட்கம் கலந்த சிரிப்பு. படகு கொஞ்சத் தூரம் சீறிக்கொண்டு போயிற்று. பிறகு மூடியின் கீழிருந்து புகை கிளம்பிற்று. நடுக்குளத்தில் நின்றுவிட்டது.

மச்சான் இறங்கி எடுத்துவந்தான். கொன்ட்ரோலருக்குள் இருந்த ட்ரான்சிஸ்டர் கருகியிருந்தது.

"நான் தொட்டிருக்கக்கூடாது" என்றார் அம்மா. கிண்ணத்தைச் சீலைத் தலைப்பால் மூடினார். "கலியாணத்தண்டு நான் அடுப்படியிலை நிக்கிறன். அக்காட்டைச் சொல்லு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் மேல் அல்ல. அந்த நினைப்பை அவருடைய தலைக்குள் ஏற்றிவைத்த ஊர் முழுவதின் மேல்.

நல்லூரில் ரேடியோ திருத்தும் கடையில் மின்சாரம் அளக்கும் மீற்றர் ஒன்றை இரவல் வாங்கிவந்தேன். புரொப்பெல்லர் காற்றில் சுற்றும்போது முள் கொஞ்சம்தான் அசைந்தது. வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தியதும் ஒரே பாய்ச்சலாக மீற்றரின் மற்ற ஓரத்துக்குப் போய் இடித்தது. தண்ணீரைத் தள்ளும் பாரத்துக்கு அந்த மோட்டார் அவ்வளவு மின்சாரம் கேட்கிறது. விளையாட்டுக் காருக்குச் செய்த கொன்ட்ரோலர் அதில் காற்பங்கும் தாங்காது. மேசையில் மட்டும் ஓட்டிப் பார்த்த மடைச்சி நான். அம்மாவுக்கு முள்ளைக் காட்டி விளக்கினேன். "நீ எனக்காகச் சொல்லுறாய், பிள்ளை" என்று கிணற்றடிக்குப் போய்விட்டார்.

கடையில் இரண்டு ட்ரான்சிஸ்டர் வாங்கினேன். ஒன்று எரிப்பதற்கு.

"உனக்கென்ன விசரே? ட்ரான்சிஸ்டர் மாமரத்திலையே காய்க்குது?" என்றான் மச்சான். ஆனாலும் நான் கேட்டபடி தன் தாயைக் கூட்டிவந்தான். மாமி நெற்றி நிறையக் குங்குமமும் கழுத்தில் தாலிக்கொடியுமாக ஊரில் எந்த வீட்டுக் கலியாணத்திலும் ஆரத்திக்கு நிற்பவர். அதே விசிறி மோட்டார், அதே இடத்தில் பொட்டு, வைத்தவர் மட்டும் மாமி. அம்மாவைக் கிணற்றடியிலேயே நிற்கச் சொன்னேன்.

படகு சீறிப் போயிற்று. புகைத்தது. நின்றது.

"ஐயோ, நான் ஒண்டும் செய்யேல்லை!" என்று மாமி கத்தினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். விஷயத்தைச் சொன்னபோது மாமி என்னை முறைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். கிணற்றடியில் அம்மா வாளிக் கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்ததாக, மற்ற ட்ரான்சிஸ்டரை வைத்து, பழைய கசற் ரேப்ரெக்கோடரிலிருந்து கழற்றிய சின்ன மோட்டாரைப் பூட்டினேன். புரொப்பெல்லரையும் சிறிதாக்கி வாளியில் வைத்தேன். முள் கொன்ட்ரோலர் தாங்கும் அளவைத் தாண்டவில்லை. "இப்ப வாங்கோ அம்மா" என்றேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மாமி போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

அம்மா பொட்டு வைத்தார். படகு அவசரமில்லாமல் அக்கரைக்குப் போய்த் திரும்பிற்று. ரேடியோப் பெட்டியை அம்மாவின் கையில் கொடுத்தேன். குமிழைத் தள்ளினார், இழுத்தார், தள்ளினார். படகும் சொன்னபடி கேட்டது. கொன்ட்ரோலரைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. நான் கலியாணப் பேச்சை எடுக்கவில்லை.

தை பிறந்தது. மணவறையில் அக்கா இருந்தாள். அறுகரிசி போடக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். அடுப்படி வாசலில் ஒரு வெள்ளைச் சீலை தெரிந்தது. அக்கா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பக்கத்தார் முணுமுணுத்தார்கள். அம்மா நடந்து வந்தார்.

தட்டிலிருந்து அள்ளியவர், போடாமல் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, புகை கிகை வராதெல்லோ?"

"புகையெல்லாம் ஐயற்றை ஓமகுண்டத்திலைதான். நீங்கள் போடுங்கோ அம்மா."

அம்மா அக்காவின் தலையில் அறுகரிசி போட்டார். போட்ட பிறகும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.