சேகர் யாரைக் கொண்டு பிறந்தான்?

தவமணி அழுத நாட்கள் மொத்தம் நாற்பத்தேழு. ஒரு நாள்கூட வீட்டில் அழுததில்லை, எல்லாம் பஸ்ஸில்தான்.

1985 கடைசியில் பினாங்கின் பாயான் லெப்பாஸில் அவள் வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்குறைப்பில் அவளை வீட்டுக்கு அனுப்பியபோது அவளுக்கு நான்காம் மாதம். ஆறாம் மாதத்தில் கணவன் கார்த்திகேசு மோட்டார் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். நாற்பத்தேழு நாள் ஆஸ்பத்திரி. சுங்கை பினாங்கிலிருந்து தினமும் சோற்றுக் கேரியரும் இரட்டைப் பிள்ளை வயிறுமாகப் போய்வந்தவளுக்கு மெடல் கொடுத்திருக்க வேண்டும். சிவந்த கண்களைப் பார்த்து மாமியார் வள்ளியம்மா பட்டம் கொடுத்தாள்: "அழுமூஞ்சி."

இரட்டையரில் வாசு இரண்டு வயதிலேயே வாயாடி. சேகரோ மூன்று முடிந்தும் ஆறு வார்த்தைதான் பேசினான். யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் கட்டிலுக்கடியில் போய்விடுவான். தாய் வயிற்றில் வைத்துக்கொண்டு அழுததுதான் காரணம் என்று வள்ளியம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள். தண்டனையும் தயார்: சேகரைப் பாலிக் புலாவில் தன் தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே வளர்க்கப் போகிறாள். கார்த்திகேசு அம்மாவுக்கு எதிரே வாய் திறக்கமாட்டான், சோற்றுக்குத் தவிர.

"டாக்டர் பாக்கட்டும் அத்தே. அவங்க சரின்னா அனுப்புறேன்," என்றாள் தவமணி. மறுநாளே ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டரிடம் நாள் வாங்கினாள்.

1989 ஜூன் 14, புதன்கிழமை. டாக்டர் ஷரீஃபாவுக்குத் தமிழ் நன்றாக வரும். எல்லோரும் உட்கார்ந்ததும், "குடும்பத்துல யாராச்சும் லேட்டா பேசினாங்களா?" என்று கேட்டார்.

வள்ளியம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். குடும்பப் பெருமை பேசச் சொன்னால் அவளுக்குச் சோறு வேண்டாம்.

"எங்க வீட்டுக்காரரு அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாரு டாக்டர். அப்புறம் கம்பத்து ஊருசனத்துக்கே அவருதான் பேச்சாளர் லா!"

"சத்தத்துக்குப் பயப்படுவாரா?"

"ஐயோ, மரத்துலேருந்து துரியான் பழம் விழுந்தா ஒரு முழம் துள்ளுவாரு! இத்தனைக்கும் சொந்தத் தோட்டம். சீசன் பூரா காதுல பஞ்சுதான். அவரு தம்பி அதுக்கும் மேல. பட்டாசு வெடிச்சா கட்டிலுக்கடியிலதான்..."

மேசைக்கடியில் குந்தியிருந்த சேகர் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டான்.

டாக்டர் சிரிக்கவில்லை. அது அவருடைய படிப்பின் பலன். "அம்மா பட்ட கஷ்டம் பிள்ளையத் தொடாதுன்னு சொல்லமாட்டேன்," என்றார். "ஆனா ரெண்டு பேரும் ஒரே வயித்துல, அதே கஷ்டத்துலதானே இருந்தாங்க? வாசு நல்லாத்தானே இருக்கான்? இவங்க ஒரே அச்சு இரட்டை இல்ல, பரம்பரையில வர்றது ஆளுக்கு ஆள் வேற. சேகருக்கு வந்தது சத்தமோ கஷ்டமோ, எதையும் சட்டுன்னு உள்ள வாங்கிக்கிற மூளை. அது மேல இந்தக் கஷ்டமும் விழுந்திருக்கும். ரெண்டும் சேர்ந்துதான் இப்படி. இனிமே பேச்சுப் பயிற்சி கொடுங்க. அம்மா பக்கத்துல இருக்கணும், வீட்டுல சத்தம் கம்மியா இருக்கணும்."

தவமணி மெல்லத் திரும்பினாள். "அத்தே, இப்ப நம்ம தோட்டத்துல ஒரு நாளைக்கு எத்தனை பழம் விழுது?"

கார்த்திகேசு இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான்.

வள்ளியம்மா பாலிக் புலாவ் பஸ்ஸில் தனியாகத்தான் ஏறினாள். படியில் நின்றபடி மகனிடம் மட்டும் சொன்னாள்: "அவன் உங்கப்பனைக் கொண்டு பொறந்தவன்டா. நல்லாப் பாத்துக்கச் சொல்லு அவள."

தவமணி இரண்டு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். அதற்கு மேல் இறங்கிவர வள்ளியம்மாவால் ஆகாது.