டியாவுக்கு வாய்வு

இந்த நாட்டு மலாய் மொழியில் அவனும் அவளும் அவரும் அதுவும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் ‘டியா’. ‘டியா சாப்பிட்டாச்சா’ என்று பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் கேட்டால், கேட்பது என் வீட்டுக்காரரையா, வாசலில் நிற்கும் கோழியையா என்று அவள் பார்வை போகும் பக்கம் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் ஊரில் மாட்டுக்கு ஒரு முடிவு, மனுஷனுக்கு ஒரு முடிவு, மாப்பிள்ளைக்கு ஒரு முடிவு என்று சொல்லின் வாலிலேயே மரியாதையை முடிந்து வைத்திருக்கிறோம். இங்கே சொல்லுக்கு வாலே கிடையாது. ரப்பர் தோட்டத்தில் இருந்த ஐம்பது வருஷமும் இந்தத் தொல்லை எனக்கு வரவில்லை. வேலை வாங்கும் மண்டோர் தமிழ், கடைக்காரர் தமிழ், வெள்ளைக்காரத் துரைகூடத் தமிழில்தான் திட்டினார். கோலசிலாங்கூர்ப் பக்கம் வீடு பார்த்து வந்த இந்த இரண்டு வருஷமாகத்தான் டியாவோடு மல்லுக்கட்டு.

நாங்கள் இருவரும் புக்கிட் மெலாவத்திக் குன்றின் மேல் கச்சாங் விற்கிறோம். கச்சாங் என்றால் வேர்க்கடலைதான். அவித்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோனால், அங்கிருக்கும் பழைய பீரங்கிகளைப் பார்க்க வருகிறவர்கள் பாதி வாங்குவார்கள், குரங்குகள் பாதி பிடுங்கும். குன்றேற எங்கள் மகன் செல்வம் ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தான். கிள்ளானில் தொழிற்சாலை வேலை அவனுக்கு. ஓட்டுவது வீட்டுக்காரர், பின்னால் உட்கார்ந்து எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது நான். அதனால் ஓட்டுவது யார் என்பதில் எங்களுக்குள் இன்னும் தீர்ப்பாகவில்லை.

முன் சக்கரத்துக்குப் புது மாதிரித் தட்டு பிரேக். கைப்பிடியருகே ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கிறது. பிடியை அழுத்தினால் அந்த எண்ணெய் குழாய் வழியே இறங்கி, சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும். என் அப்பாவின் மாட்டு வண்டிக்கு ‘ஓ… ஓ…’ என்ற ஒரு சத்தம்தான் பிரேக். அதுவும் மாடு மனசு வைத்தால்தான்.

ஒரு புதன்கிழமை குன்றிலிருந்து இறங்கும்போது பிடி கைப்பிடிவரை போய் ஒட்டிக்கொண்டது, வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கை மிதித்து மிதித்து, கடைசியில் ஒரு புதருக்குள் போய் நின்றோம். எங்களுக்குக் கீறல்தான். கச்சாங் பூராவும் குரங்குக்கு. அதைப் பார்த்த எவனோ செல்வத்துக்குச் சொல்லிவிட்டான். மகன் மளிகைக் கடைக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டான்.

“மா, ஞாயித்துக்கிழமை வரேன். பிரேக்க அமுக்கிப் பாப்பேன். கெட்டியா இல்லன்னா மோட்டார தூக்கிட்டுப் போயிடுவேன். இந்த வயசுல கச்சாங் வித்தது போதும் லா.”

மோட்டார் போனால் குன்று போச்சு. குன்று போனால் நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து மகன் அனுப்புவதைத் தின்னும் கிழவி. பதினேழு வயதில் கப்பலேறி வந்து, மறுமாதமே ரப்பர்ப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போனவள் நான். எனக்கு அது சரிவராது.

வியாழக்கிழமை காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனோம். பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே, நாற்பது வயதிருக்கும், கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். சொந்தத்தில் கல்யாணமாம், சனிக்கிழமைதான் திறப்பாராம். நான் கெஞ்சவில்லை, நின்றேன். அவரே இரக்கப்பட்டுப் பிடியை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். வண்டிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றார். தவுக்கே அந்தப் பக்கமாகத் தாடையை நீட்டிச் சொன்னார்:

“டியா மாசோக் ஆங்கின். இத்து பாசால் லெம்பேக். கெனா புவாங் ஆங்கின்.”

எனக்குத் தெரிந்த மலாயில் கூட்டிப் பார்த்தேன். டியாவுக்குள் காற்றுப் புகுந்துவிட்டது. அதனால்தான் தொளதொளவென்று இருக்கிறது. காற்றை வெளியேற்ற வேண்டும். வீட்டுக்காரரைப் பார்த்தேன். தொளதொளவென்றுதான் இருந்தார்.

“கேட்டீங்களா? ஒங்களுக்கு வாய்வாம். அதான் கையில பிடிமானம் இல்ல, பிரேக்க அழுத்த முடியல.”

“எனக்கா? நான் நல்லாத்தானே புள்ள இருக்கேன்.”

“தவுக்கே கண்ணுக்கே தெரிஞ்சிருக்கு. கூடக் குடும்பம் நடத்துற எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க.”

வாய்வுக்கு வைத்தியம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முசிறிப் பக்கம் எங்கள் வீட்டில் வண்டிமாட்டுக்கு வயிறு உப்பினால் பெருங்காயத்தை எண்ணெயில் கலக்கி, மூங்கில் குழாயால் வாய்க்குள் ஊற்றுவார்கள். குழாய் பிடித்த கை இது. அவருக்குக் குழாய் வேண்டியிருக்கவில்லை. முறைத்தாலே வாயைத் திறந்தார். சுட்ட பூண்டு, ஓமத் தண்ணீர், பெருங்காயம் கரைத்த மோர். சோறு நிறுத்தம், கஞ்சி மட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் மருந்து வேலை செய்யத் தொடங்கியது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை தலையை நிமிர்த்திக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வீட்டுக்காரர் சற்று மெலிந்திருந்தார். தவுக்கே வண்டியைப் பார்த்தார். “ஆங்கின் சூடா புவாங்?” காற்றை எடுத்தாச்சா என்று கேட்டார். வேறு பட்டறைக்குப் போய்விட்டோம் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

“சூடா,” என்றேன். “பாஞா.” ஆச்சு, நிறைய.

அவர் பிடியை அழுத்தினார். அது மறுபடி கைப்பிடியில் போய் ஒட்டியது. “பெலோம்,” என்றார். இன்னும் இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் வைத்தியத்தை ஒரு சொல்லில் இல்லையென்றால்? “சூடா! சாயா செண்டிரி டெங்ஙார்!” என்று கத்தினேன். ஆச்சு, நானே என் காதால் கேட்டேன்!

தவுக்கே என்னைப் பார்த்தார். நான் கைநீட்டிய இடத்தில் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். பிறகு தவுக்கே அப்படியே ஒரு டயர்மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எழுந்து வந்து, ஒரு விரலால் பிரேக் குழாயைத் தொட்டார். “டியா,” என்றார். பிறகு வீட்டுக்காரரின் தோளைத் தொட்டு, “புக்கான் டியா,” என்றார். இந்த டியா இல்லை.

“ரெண்டு நாளா நான் கஞ்சி குடிச்சது இந்தக் குழாய்க்கா?” என்றார் வீட்டுக்காரர்.

“ஒடம்புக்கும் நல்லதுதான்,” என்றேன்.

அவமானத்தோடு வீடு திரும்ப நான் ஆளில்லை. என் கையாலேயே அந்தக் காற்றை எடுக்கிறேன் என்று ஸ்பேனரை வாங்கிக்கொண்டேன். தவுக்கே கிண்ணத்தில் புது எண்ணெய் நிரப்பினார். சக்கரத்தருகே பிரேக்கில் ஒரு சின்னக் குமிழாணி இருக்கிறது. அதில் கண்ணாடிபோல் தெரியும் குழாயொன்றைச் செருகி, மறுமுனையை எண்ணெய் இருந்த போத்தலில் முக்கினார். வீட்டுக்காரர் பிடியை மூன்று தடவை அழுத்தி, அழுத்தியபடியே நிற்க வேண்டும். நான் ஆணியைக் கொஞ்சம் திறந்தால் பழைய எண்ணெயும் காற்றும் வரும். மறுபடி நான் இறுக்கிய பிறகுதான் அவர் கையை விடலாம். முந்தி விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

முந்தித்தான் விட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை எதையும் பிடித்துக்கொண்டு நின்று அவருக்குப் பழக்கமில்லை.

“பிடிங்க… பிடிங்க… இறுக்கிக்கிறேன்… அய்யோ, விட்டுட்டீங்களே!”

“நீ வாயாலதானே இறுக்குற, கையால இறுக்கு புள்ள!”

ஆறாவது தடவை சரியாக வந்தது. குழாய்க்குள் கொப்புளம் கொப்புளமாகக் காற்று ஓடிப் போத்தலில் உடைந்தது. கறுப்பாக வந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அந்தக் குழாயைப் பார்க்கப் பார்க்க எனக்கு எங்கள் மாட்டின் ஞாபகம். கொப்புளம் நின்றதும் தவுக்கே சிந்தியதைத் துடைத்துவிட்டு என்னைப் பிடியை அழுத்தச் சொன்னார். பாதி வழியில் கல்லாய் நின்றது. இரண்டாவது தடவையும் அழுத்தினேன், ஆசைக்கு.

ஞாயிற்றுக்கிழமை செல்வம் வந்தான். பிடியை அழுத்தினான், நெற்றியைச் சுருக்கினான், மறுபடி அழுத்தினான். “யாரு செஞ்சது?” என்றான். “ஒங்கம்மாதான்,” என்றார் அவர், பட்டறையில் நடந்ததில் பாதியை மட்டும் சொல்லி. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. குன்றிலிருந்து இறங்கிக் காட்டினால்தான் சாவி என்று சொல்லி, அடிவாரத்தில் கைகட்டி நின்றுகொண்டான்.

வழியெல்லாம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பாதிச் சரிவில் அவர் முன் பிரேக்கைப் பிடித்தார். வண்டி மூக்கைத் தாழ்த்தி அப்படியே நின்றது. ஒரு பக்கம் மரங்களுக்கிடையே நான் கப்பலில் வந்த கடல். அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தால் முசிறி. மறு பக்கம், தூரத்தில், நாங்கள் வெட்டிய ரப்பருக்குப் பதிலாக எண்ணெய்க்காக நட்ட செம்பனை. மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் சரிவில் தொங்கிக்கொண்டிருந்தோம். அவர் பிடியை விடவில்லை.

“மா! டியா ஓகேயா?” என்று கீழேயிருந்து செல்வம் கத்தினான்.

வண்டியைக் கேட்டானா, அப்பாவைக் கேட்டானா, தெரியவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

“டியா நல்லா இருக்காரு!” என்று கத்தினேன்.