வலப்பக்கம் சாய்ந்த சுவர்கள்

என் கணவர் வீடுகளைப் படம் எடுப்பவர். கட்டி முடித்த பிளாட்டுகளை, விற்பனை விளம்பரத்துக்காக பில்டர்களுக்கு எடுத்துக் கொடுப்போம். கேமரா அவருடையது. லைட் பிடிப்பதும், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்துவதும் என் வேலை. கல்யாணமாகி மராத்தி பேசும் இந்த ஊருக்கு, விஷ்ராந்த்வாடிக்கு வந்ததிலிருந்து எனக்கு வேறு வேலை தெரியாது.

காலி வீட்டில் கோடுகளைத் தவிர என்ன இருக்கிறது என்பார். கதவு நிலை, சுவர் மூலை, ஜன்னல் விளிம்பு எல்லாம் நிற்கிற கோடு. தரை, சமையல் மேடை, பால்கனிக் கம்பி எல்லாம் படுத்த கோடு. சின்ன ஹாலில் நிற்கிற கோடுகளுக்கு இடம் கொடுத்தால் அறை உயர்ந்து தெரியும். படுக்கையறையில் படுத்த கோடுகளை நீளமாக ஓடவிட்டால் பார்ப்பவருக்கு உட்காரலாம் போலிருக்கும். எதுவானாலும் கதவு நிலை படத்தின் ஓரத்தோடு ஒட்டி நேராக நிற்க வேண்டும். ட்ரைபாட் தலையில் இருக்கும் ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்ற பிறகுதான் பட்டனைத் தொடுவார்.

அந்தக் கோடையில் சிஞ்ச்வட்டில் எடுத்த ஒரு வீட்டின் படங்கள் எல்லாமே வலப்பக்கம் சாய்ந்திருந்தன. ட்ரைபாட் கால் வழுக்கியிருக்கும் என்று நினைத்து நானே நேராக்கி அனுப்பினேன். அடுத்த வீடும் அப்படியே வந்தது. அதற்கடுத்த படங்களை என்னிடம் தராமல் அவரே பில்டருக்கு அனுப்பிவிட்டார். பில்டர் ஆபீஸிலிருந்து ஒருவர் போன் செய்து, சுவரெல்லாம் விழப்போகிற மாதிரி இருக்கிறதே என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

சாயங்காலம் அந்தப் படத்தைத் திறந்து அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"நேராத்தானே இருக்கு?"

படத்தின் மேல் கட்டங்களைப் போட்டுக் காட்டினேன். கட்டத்தின் கோடு ஒரு பக்கம், கதவு நிலை ஒரு பக்கம் என்று விலகிப் போவது எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"ரெண்டும் ஒட்டித்தானே போகுது. உனக்குத்தான் கண்ணாடி மாத்தணும்" என்றார். கோபமில்லை. என்மேல் இரக்கப்பட்டமாதிரிதான் சொன்னார்.

மறுநாள் போசரியில் வேலை. அன்று லைட்டை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ட்ரைபாடை வைத்தார். குமிழி நடுவில் நின்றது. கண்ணைச் சுருக்கி அறையைப் பார்த்தார், திருகைத் தளர்த்தினார், குமிழி ஓரத்தில் போய் முட்டும்வரை கேமராவை மெல்ல மெல்லச் சாய்த்தார்.

"இந்த ரசமட்டம் கெட்டுப்போச்சு. வேற வாங்கணும்" என்றார்.

அவர் அலட்சியமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். என்றைக்கும் இருந்த அதே பொறுமை, அதே கவனம். அவ்வளவு கவனமாகச் சாய்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது அவருடைய இடது தோள் கதவு நிலையில் இடித்தது. அதையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்த வாரமே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவரிடம் ஒரு குச்சியைக் கொடுத்து நேராக நிறுத்திப் பிடிக்கச் சொன்னார். இவர் அதைச் சாய்த்துப் பிடித்துவிட்டு, சரிதானே என்பதுபோல் என்னைப் பார்த்தார். ஒரு தாளில் சில கோடுகளைக் காட்டி, எந்தெந்தக் கோடுகள் ஒரே சாய்வு என்று கேட்டார்கள். இருபத்தைந்து வருஷம் அதைத் தவிர வேறொன்றும் செய்யாத மனிதர் ஒவ்வொன்றாகத் தப்பாகச் சொன்னார். ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம், பின்னால், கட்டி. கோடுகளின் சாய்வை அறிகிற இடத்தைத்தான் அது அழுத்துகிறது என்று டாக்டர் விளக்கினார்.

"எடுத்துட்டா நேராயிடுமா?" என்று இவர் கேட்டார். முழுசாக எடுக்க முடியாது என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. நான் தனியாக வேலைக்குப் போனேன். திரும்பி வந்ததும் அன்றைய படங்களைக் காட்டச் சொல்வார். எல்லாம் சாய்ந்திருக்கிறது என்பார். ஆரம்பத்தில் குமிழி நடுவில் இருந்ததைச் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தேன். அப்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு திகில் வரும். எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாத திகில். பிறகு, நாளைக்குச் சரி பண்ணிடறேன் என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் கேமராவைக் கேட்டார். என்னை ஜன்னலோரம் நிற்கச் சொன்னார். கேமராவைத் தலையணையில் முட்டுக் கொடுத்து எடுத்தார். "இப்போ நேரா வந்திருக்கு" என்றார்.

அதன்பின் அவர் கேமராவைத் தொடவில்லை. கணபதி ஊர்வலத்துக்கு எங்கள் தெருவில் டோல் என்கிற பெரிய மேளத்தின் ஒத்திகை தொடங்கியிருந்தபோது இறந்துபோனார். யாரோ கீழே போய்ச் சொன்னார்கள். அன்று மட்டும் நிறுத்தி வைத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு கேமராவிலிருந்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அன்று அவர் என்னை எடுத்த படத்தில் ஜன்னல் கம்பி ஒன்றுவிடாமல் வலப்பக்கம் சரிகிறது. நானும் கம்பியோடு சரிந்துகொண்டு நிற்கிறேன். பழக்கத்தில் என் கை அதை நேராக்கிவிட்டது. நேராக்கினால் ஓரங்கள் வெட்டுப்படும். என் தோள் ஒன்றும், ஜன்னல் கட்டையில் வைத்திருந்த அவருடைய தண்ணீர் டம்ளரும் படத்திலிருந்து போய்விட்டன.

செய்ததை ரத்து செய்துவிட்டு, அவர் எடுத்தபடியே சேமித்தேன்.