இங்கிலீஷில் ஒரு சண்டை

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளராக இருந்தேன். வெளிமாநிலத்து வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில் பேசத் தெரியாவிட்டால், உள்ளே போய்ப் புடவை மடிக்க வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். பதறிப்போய் மாலை ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன்.

பாடம் நடத்திய பெண் என்னைவிட மிகவும் இளையவர். ஒல்லியான உருவம், கலைந்த பின்னல். உட்காரவே மாட்டார், பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். கூடப் படித்தவர்களில் பாடத் தெரிந்த நர்ஸம்மாவுக்குப் பாட்டு, கூச்சப்படுகிற தபால்காரருக்கு எழுத்து என்று ஆளுக்கொரு பயிற்சி கொடுத்தார். எனக்கு எதுவும் ஏறவில்லை. தூக்கமும் போயிற்று.

ஒரு நாள் என் முன்னால் வந்து நின்றார்.

“அண்ணா, உங்களுக்கு இதெல்லாம் வேணாங்க. என்கூட சண்டை போடுங்க.”

“சண்டையா? எனக்கு வராதும்மா.”

உடனே தன் துப்பட்டாவை என் முன் விரித்து, இது பட்டே இல்லை, ஏமாற்றிவிட்டாய் என்று ஆங்கிலத்தில் கத்தினார். எனக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டேன்.

“நோ மேடம்! ஒரிஜினல் சில்க்! பர்ன் ஒன் த்ரெட், ஸ்மெல்!” அசல் பட்டு நூலை எரித்தால் முடி கருகுகிற வாடை வரும். அதற்கு மேல் என் வாய் நிற்கவில்லை.

“பாத்தீங்களா, பேசிகினே போறீங்க!” என்று சிரித்தார்.

கடையில் என் இடம் தப்பியது. அந்த டீச்சர் சீக்கிரமே வேறு ஊருக்குப் போய்விட்டார். குரலை உயர்த்தாதவன் என்று ஊரில் பெயரெடுத்தவன் நான். என் மனைவிகூடப் பார்த்திராத அந்தக் கோபத்தை அவர் என்னிடம் எங்கே பார்த்தார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.